சேர்மானச் சித்தரும் ஸலேஹா அக்காவின் டிராகனும்

சேர்மானச் சித்தர் என்றொரு இனம் உண்டு; கணினியைக் கடையில் வாங்காமல், பாகம் பாகமாக வாங்கித் தன் கையாலேயே சேர்த்து மாட்டுபவர். அவரைத் தேடிக் காட்டுக்கெல்லாம் போக வேண்டாம். எங்கள் பெட்டாலிங் ஜெயா அடுக்குமாடியில் லிஃப்டுக்குப் பக்கத்திலேயே கிடைப்பார். சட்டைப் பையில் பேனா இருக்க வேண்டிய இடத்தில் திருப்புளி இருக்கும். வீட்டில் கணினி இருக்கும். அதன் பக்கவாட்டு மூடி மட்டும் என்றைக்கும் அதன் இடத்தில் இருக்காது. அதில் ஏதாவது விளையாடுவாரா? மாட்டார். வேகத்தை அளப்பார், சூட்டை அளப்பார், அளந்ததைப் படம் பிடித்து வாட்ஸாப் குழுவில் போடுவார், நேற்றைவிட ஒரு டிகிரி குறைந்திருந்தால் அன்றைக்கு வீட்டுக்குக் கோழிச்சோறு வாங்கிப் போவார். விளையாட்டுக்கென்றே வாங்கிய யந்திரத்தில் விளையாட மட்டும் அவருக்கு நேரம் கிடைப்பதில்லை.

மற்றபடி சாது. ஆனால் கடையில் தயாராக நிற்கும் விளையாட்டுக் கணினியை, கண்ணாடிப் பெட்டியும் வண்ண விளக்குமாகப் பளபளக்கும் அந்த விலையுயர்ந்த சரக்கை, நீங்கள் வாங்கப் போகிறீர்கள் என்ற வாசனை மட்டும் அவருக்குப் பட்டுவிடக் கூடாது. உங்கள் வீட்டுப் பெண்ணுக்குத் தப்பான இடத்தில் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது போலப் பதறிக்கொண்டு ஓடி வருவார்.

"ஐயோ, அதையா வாங்கப் போறீங்க? அதே காசுக்கு ஒண்ணரை மடங்கு வேகத்துல நான் சேர்த்துத் தர்றேனே!"

எப்போது தருவீர்கள் என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். அவர் முகம் வாடிவிடும்.

எங்கள் சித்தரின் பெயர் பெங் ஹுவாட். தரை ஓடு விற்கும் கம்பெனியில் கணக்கர். அவரிடம் அகப்பட்டவர் நான்காம் மாடி ஸலேஹா அக்கா. அரசாங்க ஆஸ்பத்திரியில் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரே மகன் ஹக்கிமிக்குக் கடல் தாண்டி பிந்துலுவில், எரிவாயு ஆலையில் வேலை. போனில் பேசினால் அந்தப் பிள்ளை வாயிலிருந்து "ஓகேம்மா" என்பதற்கு மேல் முத்து உதிராது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலையில் இருவரும் கணினியில் சேர்ந்து டிராகன் வேட்டைக்குப் போவார்கள். அம்மா கையில் கேடயம், மகன் கையில் வில். ஒரு டிராகன் விழுந்து அடுத்தது வருவதற்குள் எல்லாம் தானாக வெளியே வரும்: மேலாளர் திட்டியது, காய்ச்சல் வந்து போனது, அறை நண்பன் வீடு மாற்றிக்கொண்டு போய்விட்டது. அக்காவுக்கு டிராகன் மேல் ஒரு பிரியமும் இல்லை. மகன் வாயைத் திறக்க வேறு சாவி இல்லை, அவ்வளவுதான்.

அப்படிப்பட்ட சமயத்தில் பழைய கணினி புகை விட்டுச் செத்தது. அக்கா கைப்பையோடு கடைக்குக் கிளம்பினார். லிஃப்ட் திறந்தது. உள்ளே பெங் ஹுவாட்.

"கடையிலயே வாங்கிப்புடறேன் பெங். விலை கூடத்தான். ஆனா ரெண்டு வருஷம் கேரண்டி. நாளைக்கே வீட்டுல கொண்டாந்து வெச்சிட்டுப் போறானாம்."

"அக்கா, அவன் விக்கிறது வெறும் பெட்டி லா! உள்ள கரண்ட் குடுக்கிற சாமான் பேர் தெரியாத சரக்கு. ஜோடியா போட வேண்டிய மெமரிய ஒத்தையா சொருகியிருப்பான். விளக்குக்கு ஒரு விலை, கம்பெனி பேருக்கு ஒரு விலை. பாத்துக்கிட்டு நான் சும்மா இருப்பனா? என்கிட்ட விடுங்க."

அவர் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. இந்த இனத்தின் ஆபத்தே அதுதான்.

அக்கா அவரிடமே விட்டுவிட்டார். அது ஆகஸ்ட் மாதம். எங்கள் ஊரில் தேதியும் மாதமும் ஒன்றாக வரும் நாளெல்லாம் இணையக் கடைகளுக்குத் திருநாள். திரையில் படம் ஓட்டும் கிராஃபிக்ஸ் கார்டை மட்டும் ஒன்பதாம் மாதம் ஒன்பதாம் தேதித் தள்ளுபடியில் வாங்கிவிடலாம் என்றார் பெங். அந்த நாள் வந்தது. பத்தாம் மாதம் பத்தாம் தேதி இன்னும் இறங்கும் என்றார். இறங்கியது. அப்படியானால் பதினொன்றில் எவ்வளவு இறங்கும், நீங்களே யோசியுங்கள் என்றார். பதினொன்றில் ஏறிவிட்டது. ஆத்திரப்படாமல் பன்னிரண்டுக்குக் காத்திருந்தார். முனிவர்களுக்குக்கூட அத்தனை பொறுமை கிடையாது. நல்லவேளை, வருடத்தில் பதிமூன்றாவது மாதம் இல்லை.

நடுவில் வந்த ஞாயிற்றுக்கிழமைகளில் அக்கா போன் போட்டார்.

"பசியாறிட்டியாப்பா?"

"ம்."

"வேலையெல்லாம் எப்படிப் போகுது?"

"ஓகேம்மா."

டிசம்பரில் ஒருவழியாகச் சாமான்கள் வந்தன. அக்காவின் சாப்பாட்டு மேசையில் சேர்மான வைபவம்; அண்டை வீட்டுக்காரர்கள் நாங்களும் வேடிக்கை பார்க்கக் கூடிவிட்டோம். பெங் கையுறை மாட்டிக்கொண்டார். யாரையும் மூச்சுவிட வேண்டாம் என்றார். முடித்ததும் பெட்டியோடு நின்று படம் எடுத்துக்கொண்டார். அக்காவைப் படத்துக்குக் கூப்பிட அவருக்குத் தோன்றவில்லை.

அக்கா விளையாட்டைத் திறந்தார். முதல் டிராகன் தலை நீட்டியது. பெட்டி அணைந்துவிட்டது. மறுபடி போட்டார். மறுபடி டிராகன், மறுபடி இருட்டு. பெங் வந்து நாடி பார்த்தார். கட்டடத்தின் மின்சாரம் சரியில்லை என்றார். மழைக்கால ஈரக்காற்று என்றார். கடைசியில் டிராகனையே குறை சொன்னார்.

"இந்த டிராகன் ரொம்ப நெருப்பு விடுதுக்கா. வேற ஏதாச்சும் சின்ன விளையாட்டா பாருங்களேன்."

அக்கா பெட்டியைத் தொட்டுப் பார்த்தார். கொதித்தது.

"இவ்ளோ காய்ச்சல் அடிச்சா முதல்ல போர்வைய எடுக்கணும் பெங். அந்தத் திருப்புளியக் குடுங்க."

கழற்றிப் பார்த்தால், சூடு தணிக்கும் கூலருக்கும் சிப்புக்கும் நடுவே ஒரு பிளாஸ்டிக் தாள், சமர்த்தாக உட்கார்ந்திருந்தது. 'மாட்டுமுன் உரிக்கவும்' என்று சிவப்பு எழுத்தில், நான்கு மொழிகளில்.

"இதையெல்லாம் கம்பெனிக்காரன் இன்னும் பெரிசா எழுதணும் லா," என்றார் பெங்.

தாளை உரித்ததும் யந்திரம் பறந்தது. சொன்னபடியே ஒன்றரை மடங்கு வேகம். டிராகனின் செதிலைக்கூட எண்ணலாம். அக்கா ஆசை ஆசையாக மகனைக் கூப்பிட்டார். ஸ்பீக்கரில் அவன் குரல் எங்கள் எல்லோருக்கும் கேட்டது.

"அம்மா, ரெண்டு மாசம் உங்களுக்காகத்தான் காத்திருந்தேன். அப்புறம் ஆபீஸ் பசங்க சேந்துக்கிட்டாங்க. கேடயத்துக்கு இப்ப ஆள் இருக்கும்மா. நீங்க வேணா சும்மா பாத்துக்கிட்டிருங்களேன்."

பின்னணியில் யார் யாரோ சிரித்தார்கள். மகனும் சிரித்தான். அவன் சிரிப்பது நல்லதுதானே என்று அக்கா சொன்னார். சொன்னவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எனக்கு அந்தப் புதுப் பெட்டியைத் தூக்கிப் பெங்கின் தலையில் போடலாம் போல இருந்தது.

"பெங்," என்றார் அக்கா, கோபமே இல்லாமல். "கடைக்காரன் கூடுதலா வாங்குறான், கூடுதலா வாங்குறான்னு சொன்னீங்க. அந்தக் கூடுதல்ல என் ஞாயித்துக்கிழமை எல்லாம் இருந்துச்சு."

பெங் ஹுவாட் திரையின் ஓரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, சூட்டப் பாத்தீங்களா? அறுபது டிகிரிகூடத் தாண்டல!"

இதைப் படிக்கும் நீங்கள், 'சே, நான் அப்படிப்பட்டவன் இல்லை' என்கிறீர்கள். சந்தோஷம். ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். இதுவரை படித்தீர்களே, உங்கள் மனம் எதன் பின்னால் போனது? வருகிற ஞாயிற்றுக்கிழமை ஸலேஹா அக்கா என்ன செய்வார் என்பதன் பின்னாலா, அல்லது பன்னிரண்டாம் மாதத் தள்ளுபடியில் அந்தக் கார்டு என்ன விலைக்குக் கிடைத்திருக்கும் என்பதன் பின்னாலா? இரண்டாவது என்றால் தயவுசெய்து உங்கள் சட்டைப் பையைத் தடவிப் பாருங்கள். திருப்புளி இருக்கும்.