பொம்மையைப் பிடித்த குச்சி

அடிப்பதற்காகத் திரண்ட ஆயிரம் பேர் ஓங்கிய கையை இறக்கி, யோசித்துப் பார்த்து, வீட்டுக்குத் திரும்பிப் போனார்கள். யானை சைக்கிள் ஓட்டியது என்றால்கூட நம்பிவிடலாம். இதை யார் நம்புவார்? கண்ணெதிரே பார்த்த பொத்தான் கடை அத்தையே லேசில் நம்பவில்லை.

அத்தை கடை வைத்திருந்த தையல்காரர் தெருவில் கோல்சாமி என்றொரு சாமியார் வந்து இறங்கிய அன்று கூட்டமான கூட்டம். காற்றே இடம் கிடைக்காமல் அடுத்த தெரு வழியாகப் போயிற்று. சாமியின் கையில் ஒரு கவட்டைக் குச்சி. அது நடுங்கிக்கொண்டே போய்த் திருடனைக் காட்டிவிடுமாம்!

கத்திரிக்காரர் என்று பேரெடுத்த பெரிய தையல்காரரின் மெஷினைக் காணவில்லை. குச்சி தெருவை ஒரு சுற்றுச் சுற்றி, இஸ்திரி போடுகிறவரின் மார்பில் போய் முட்டியது. அவர் அத்தையின் மகளைக் கட்டியவர். தெருவுக்குப் புதுசு வேறு. அதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

"கையை ஒடிங்கடா! ஊரே சேர்ந்து அடிச்சா அது அடி இல்ல, தீர்ப்பு!" என்று கத்தினார் கத்திரிக்காரர்.

"ஏங்க, அந்த மெஷினு வந்து..." என்று ஆரம்பித்தாள் அவர் மனைவி.

"நீ சும்மா இரு!"

அத்தை மாப்பிள்ளைக்கு முன்னால் போய் நின்றாள்.

"அடிக்கத்தானே போறீங்க? அவரு கை எங்கயும் ஓடிடாது. என் கடையில ஒரு பொத்தானக் காணோம். அதையும் சாமியே கண்டுபிடிச்சுக் குடுக்கட்டும். கத்திரி அண்ணே, சாமி களைச்சிட்டாரு பாருங்க. உள்ள கூட்டிட்டுப் போய் ஒரு டீ குடுங்க."

இருவரும் உள்ளே போனதும் அத்தை கூட்டத்துக்கு உள்ளங்கையை விரித்துக் காட்டினாள். பொத்தான் அங்கேயே இருந்தது.

"வாயத் திறக்காதீங்க. சாமி வெளியே வந்ததும் எல்லாரும் கத்திரி அண்ணனையே முறைச்சுப் பாருங்க. அவ்வளவுதான்."

எலும்பை ஒடிக்க வந்தவர்களுக்கு இலவச வேடிக்கை கசக்குமா?

சாமி வாயைத் துடைத்துக்கொண்டு கத்திரிக்காரரோடு வெளியே வந்தார். ஆயிரம் ஜோடிக் கண்கள் ஒரே பக்கம் போயின. குச்சி நடுங்கியது, துள்ளியது, கத்திரிக்காரரின் தொப்பையில் போய் நின்றது.

"ஐயோ, நான் இல்லப்பா!" கத்திரிக்காரருக்கு வேர்த்து ஊற்றியது.

அத்தை கையை விரித்தாள். பொத்தான் பளபளத்தது.

"ஏதோ தடங்கல்..." என்று இழுத்தார் சாமி.

"சரி, இன்னொரு தடவை பார்ப்போம். எல்லாரும் சுவரப் பார்த்துத் திரும்பி நில்லுங்க," என்றாள் அத்தை.

முதுகுகளுக்கு நடுவே குச்சி திக்குத் தெரியாமல் அலைந்தது. கடைசியில் கடை வாசலில் சட்டை மாட்டி வைத்திருந்த தலையில்லாப் பொம்மையைத் திருடன் என்று பிடித்தது.

தெருவே குலுங்கச் சிரித்தது. சிரிப்பு அடங்கியதும் கைகள் மறுபடி ஓங்கின, இந்தத் தடவை சாமியை நோக்கி.

"அத்தே, இவனையாவது அடிக்கலாம்ல? இவன் நெசமாவே பிராடு!"

"இவ்வளவு நேரம் என் மாப்பிள்ளையும் நெசமான திருடன்தானே? உங்க கண்ணு போன பக்கம் குச்சி போச்சு. குச்சி போன பக்கம் உங்க கை போச்சு. இதுல யோசிச்சது யாரு? போலீஸ் ஸ்டேஷன் பக்கத்துலதான். நடத்திக் கூட்டிட்டுப் போங்க."

முதலில் கையை இறக்கியவர் கத்திரிக்காரர்தான். தொப்பையில் குச்சி பட்ட இடம் இன்னும் அவருக்குச் சில்லென்று இருந்தது.

"இப்பவாச்சும் பேசலாமா?" என்றாள் அவர் மனைவி. "மெஷின ரிப்பேருக்குக் குடுத்ததே நான்தான்!"

நாலு பேர் சாமியை ஸ்டேஷனுக்கு நடத்திப் போக, மற்ற கூட்டம் தலையைச் சொறிந்துகொண்டு கலைந்தது.

"ஏம்மா, கும்பலுக்கு மூளையே கிடையாதுன்னு சொல்லுவியே?" என்று சீண்டினாள் மகள்.

"ஒத்துக்கறேன்டி. நடந்துச்சு, என் கண்ணால பார்த்தேன். ஒவ்வொருத்தரும் தனியா சுவரப் பார்த்து நின்னப்ப மூளை வந்துச்சு. அடுத்த தடவை சுவரு இல்லாமலே வந்தாத் தேவல."