கீரைச்சட்டியில் கழுவிய கூழாங்கல்

மீன் தின்னத் தெரிந்தவனுக்கு மீன் வளர்க்கவும் தெரியும் என்று நினைத்ததுதான் நான் செய்த முதல் தப்பு. கடலூர் முதுநகரில், துறைமுகத்துக்குப் பக்கத்தில் பிறந்து வளர்ந்தவன் நான். சங்கரா மீனின் கண்ணைப் பார்த்தே அது இன்றையதா நேற்றையதா என்று சொல்லிவிடுவேன், செவுளைத் தூக்கிப் பார்க்க வேண்டியதில்லை. ஆனால் உயிரோடு இருக்கிற ஒரு மீன் என்னைத் திருப்பிப் பார்த்தால் என்ன செய்ய வேண்டும் என்று எங்கள் வீட்டில் யாரும் சொல்லித் தந்ததில்லை.

இரண்டாவது தப்பு, பொய். அகிலாவைக் கல்யாணம் செய்துகொள்ள வேண்டும் என்று அவள் அப்பா முன்னால் போய் நின்றபோது, அவர் என் சம்பளத்தைக் கேட்கவில்லை, சொந்த வீடு உண்டா என்று கேட்கவில்லை. "கவுச்சி உண்டா?" என்று மட்டும்தான் கேட்டார். சிதம்பரத்தில் அவர்கள் வீடு, வடலூர் சன்மார்க்க வழியில் நடக்கிற வீடு. புலால் கிடையாது, உயிர்க்கொலை கிடையாது, எறும்புப் பொடிகூடக் கிடையாது. (சர்க்கரை டப்பாவில் எறும்பு ஏறினால் டப்பாவை வெயிலில் வைப்பார்கள். எறும்புகள் தாமாகக் கிளம்பிப் போகிற வரைக்கும் வீட்டில் யாருக்கும் காபி கிடையாது.) நான் கொஞ்சமும் அசராமல், "விட்டுட்டேன் மாமா" என்றேன். அன்று மத்தியானம்தான் இரண்டு துண்டு வஞ்சிரம் சாப்பிட்டிருந்தேன்.

எட்டு மாதம் யோசித்துவிட்டு அவர் சரி என்றார். "ஆனா மாப்ள, பொய்யி மட்டும் எனக்கு ஆவாது" என்று சேர்த்தும் சொன்னார். அன்று வயிற்றில் புகுந்த பயம், கல்யாணப் பந்தியில் சாம்பார் சாதத்தோடு உட்கார்ந்து, மாமனார் வீட்டு வாசலை மிதிக்கும்போதெல்லாம் எழுந்து நின்றது. ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மா வீட்டில் சாப்பிட்டுவிட்டு மூன்று தடவை சோப்புப் போட்டுக் கை கழுவுவேன். அகிலாவுக்கு எல்லாம் தெரியும். "மாட்னேன்னு வெச்சிக்க, நான் எங்கப்பா பக்கந்தான் நிப்பேன்" என்று முன்கூட்டியே அறிவித்திருந்தாள்.

கல்யாணமாகி நான்காவது மாதம் தைப்பூசம் வந்தது. மாமா, அத்தை, அகிலா மூன்று பேரும் வடலூருக்குக் கிளம்பினார்கள். அன்னதானத்துக்குக் காய் நறுக்கிக் கொடுத்துவிட்டு, ஜோதி பார்த்துவிட்டு, நான்காம் நாள் சாயங்காலம் திரும்புவதாக ஏற்பாடு. எனக்கு அந்த வாரம் சிதம்பரத்தில் அலுவலகப் பயிற்சி என்பதால் அவர்கள் வீட்டில் நான் தனியாகத் தங்கினேன். தனியாக என்று சொல்லக்கூடாது, தொரை இருந்தான்.

தொரை ஒரு ஃபைட்டர் மீன். கடையில் ஒரு பிளாஸ்டிக் டம்ளருக்குள் அடைத்து வைத்திருந்ததைப் பார்த்து மனசு கேட்காமல் மாமா வாங்கி வந்தது. ஒரு குடம் தண்ணீர் பிடிக்கிற கண்ணாடித் தொட்டி, அடியில் நீலக் கல், நடுவில் செக்கச்செவேல் என்று தொரை. எறும்பைக்கூட அடிக்காத வீட்டில் வளர்ந்த ஒரே சண்டைக்காரன் அவன்தான். மாமா தினமும் பேப்பர் படித்துவிட்டு முக்கியமான செய்திகளை அவனிடம் சொல்லுவார்.

"காலைல நாலு உருண்டை, சாயங்காலம் நாலு உருண்டை. வேற ஒண்ணும் செய்யாதீங்க மாப்ள" என்றார் கிளம்பும்போது. தீனி டப்பாவை என் கையில் வைத்தவர் கொஞ்ச நேரம் விடவே இல்லை. "ஒரு உசுர ஒங்கள நம்பி வுட்டுட்டுப் போறேன்."

"மாப்ளைக்குத் தெரியாத மீனா?" என்றார் அத்தை. அது வெகுளிப் பேச்சா குத்தலா என்று தெரியாமல் இரண்டுக்கும் பொருத்தமாக ஒரு சிரிப்புச் சிரித்து வைத்தேன்.

அந்த நாலு உருண்டையைப் பார்த்திருக்கிறீர்களா? கடுகில் பாதி இருக்கும். தொரை ஒரே மூச்சில் முழுங்கிவிட்டு, கண்ணாடிக்கு வந்து ஒட்டிக்கொண்டு என்னையே பார்த்தான். எங்கள் ஊரில் ஒருத்தருக்கு நாலு கவளம் வைத்துவிட்டு இலையை எடுப்பது மகா கேவலம். பாவம் பிள்ளை என்று டப்பா மூடியில் கொட்டி ஒரு மூடி போட்டேன். அவன் ஏழெட்டைத் தின்றான். மீதி எல்லாம் மெல்ல இறங்கி, நீலக் கல்லுக்கு இடுக்கில் போய்விட்டது. பிறகு சாப்பிட்டுக்கொள்வான் என்று நினைத்தேன். சாயங்காலமும் ஒரு மூடி போட்டேன்.

மறுநாள் பயிற்சி முடிந்து வந்து கதவைத் திறந்தால் நாற்றம். தொட்டித் தண்ணீர் அரிசி களைந்த கழுநீராக இருந்தது. கல்லுக்கு நடுவில் வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சை. தொரை அடியில் ஒரு மூலையில் ஒருக்களித்துப் படுத்திருந்தான். அகிலாவுக்குப் போன் போட்டேன்.

"செத்துடுச்சா?" என்றாள் எடுத்த எடுப்பில், குசுகுசுவென்று.

"இல்ல, படுத்திருக்கு."

"எதுக்குப் படுத்திருக்கு?"

"அது எப்படி எனக்குத் தெரியும்? கொஞ்சம் சாப்பாடு ஜாஸ்தி ஆயிடுச்சு."

"அய்யோ. எங்கப்பா பக்கத்துல பூசணிக்கா வெட்டிக்கிட்டு இருக்காரு. அவர்கிட்ட குடுக்கவா?"

"குடுத்தா இங்க ரெண்டு பொணம் வுழும்!"

அன்று ராத்திரி முழுக்க எனக்குத் தூக்கம் இல்லை. மீன் செத்தால் மாமா என்ன நினைப்பார் என்பதுதான் பயம். சாதாரண மாப்பிள்ளை கையில் செத்தால் அது விபத்து. முதுநகர்க்காரன் கையில் செத்தால்? குழம்பு வைத்தானா வறுத்தானா என்றுதானே கேட்பார்கள்!

மூன்றாம் நாள் பயிற்சிக்கு மட்டம் போட்டுவிட்டு, கடைவீதியில் மீன் தொட்டி விற்கிற கடைக்கு ஓடினேன். கடைக்காரர் நிதானமான மனிதர். நான் சொன்ன எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "தீனி அழுவிப் போயி கல்லுல நிக்கிது சார். அவ்ளோதான். மீன எடுத்து, ஒரு நா புடிச்சி வெச்ச தண்ணில வுடுங்க. மேல மூடி வைங்க, எகிறிடும். கல்ல மாத்துங்க" என்றார்.

எந்தக் கல்? அங்கேதான் எனக்கு மறுபடி வேர்த்தது. வெள்ளைக் கல் அழகாக இருந்தது. "அது சலவக்கல்லு சார், தண்ணி உப்பு ஏறிப் போவும்." கருப்பில் ஒன்று பளபளத்தது. "ஒடைச்ச கல்லு, மொன கூரா இருக்குது பாருங்க. இந்த மீனு அடியில ஒராயும், றெக்க கிழிஞ்சிடும்." பச்சைக் கல்? "சாயம் போவும்." எங்கள் ஊர் கடற்கரை மணல் என்று ஆரம்பித்தேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் பாதியிலேயே நிறுத்திக்கொண்டேன். கடைசியில் பட்டாணி அளவில் வழவழவென்று இருந்த ஆற்றுக் கூழாங்கல் இரண்டு கிலோ வாங்கினேன். "வெறுந்தண்ணியில அலசுங்க, போதும். சோப்பு கீப்பு போட்றாதீங்க" என்று இரண்டு தடவை சொன்னார்.

சத்தியமாகச் சோப்புப் போடவில்லை.

வீட்டுக்கு வந்ததும், குடத்தில் முதல் நாள் பிடித்து வைத்திருந்த தண்ணீரை ஒரு பெரிய எவர்சில்வர் சொம்பில் ஊற்றி, தொரையை டம்ளரால் மொண்டு அதில் விட்டேன். இரண்டு நிமிடத்தில் அவன் நிமிர்ந்து ஒரு சுற்று வந்தான். எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. சொம்பைத் தட்டால் மூடிச் சாப்பாட்டு மேஜையில் வைத்தேன். பழைய நீலக் கல்லை வாரி அடுப்படி மூலையில் கொட்டினேன். அந்தக் கல்லிலிருந்து கிளம்பிய கவுச்சி, அசல் துறைமுகக் கவுச்சி, வீடு முழுக்கப் பரவியது. முப்பது வருடமாக ஊதுவத்தி மணத்தில் இருந்த வீடு அது.

கூழாங்கல்லை அலசினேன். செம்மண் தண்ணீர் வந்தது. மறுபடி அலசினேன், மறுபடி செம்மண். ஏழாவது தடவையும் கலங்கலாகவே இருந்ததும் பயத்தில் எனக்குப் புத்தி பேதலித்துவிட்டது. பேதலித்த புத்தி நேராக எங்கம்மாவின் அடுப்படிக்குப் போனது. மீனின் வழவழப்பும் கவுச்சியும் போக எங்கம்மா என்ன செய்வார்? மண்சட்டியில் போட்டு, கல்லுப்பும் மஞ்சள்தூளும் புளியும் சேர்த்து, சட்டியின் சொரசொரப்பில் உரசி உரசிக் கழுவுவார். எங்கள் வீட்டில் அது சட்டம். எதைக் கழுவுகிறோம் என்று நான் யோசிக்கவில்லை. அத்தையின் கீரைச்சட்டியை எடுத்தேன். கல்லைக் கொட்டி, உப்பு இரண்டு கை, மஞ்சள் தாராளமாக, புளி ஒரு உருண்டை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தரையில் குந்தி உரசினேன். கை மணக்க அரை மூடி எலுமிச்சம்பழம்கூட நறுக்கி வைத்துக்கொண்டேன்.

அப்போதுதான் வாசல் கேட் திறக்கிற சத்தம் கேட்டது.

ஒரு நாள் முன்னதாகவே வந்துவிட்டார்கள். கூட்டத்தில் அத்தைக்கு முழங்கால் வலி. மாமா முதலில் உள்ளே வந்தார். நெற்றியில் திருநீறு, தோளில் பை. வாசற்படியிலேயே நின்று மூக்கை உறிஞ்சினார். பிறகு கூடத்தில் காலியாகக் கவிழ்த்து வைத்திருந்த தொட்டியைப் பார்த்தார். பிறகு அடுப்படியில் என்னை. கீரைச்சட்டி, மஞ்சள் தண்ணீர், கல்லுப்பு, கரைத்த புளி, எலுமிச்சம்பழம். மஞ்சள் படிந்த என் பத்து விரல்கள்.

"தொரை எங்க மாப்ள?" குரலே இல்லை, காற்றுதான் வந்தது.

எவ்வளவோ சொல்லியிருக்கலாம். நான் சொன்னது இதுதான்: "கழுவிக்கிட்டு இருந்தேன் மாமா. உப்பு கொஞ்சம் ஜாஸ்தியாப் போட்டுட்டேன்."

"அடப்பாவி மனுசா! என் கீரைச்சட்டி!" என்று அத்தை கதவைப் பிடித்துக்கொண்டார். அகிலா தலையில் கை வைத்து அப்படியே உட்கார்ந்துவிட்டாள். மாமா தடுமாறிப் போய்ச் சாப்பாட்டு மேஜை நாற்காலியில் விழுந்தார். முகமெல்லாம் வேர்வை. தொண்டையைத் தடவிக்கொண்டார். பிறகு மேஜை மேலிருந்த சொம்பின் தட்டைத் தள்ளிவிட்டு, அதைத் தூக்கினார்.

எனக்குத் தெரிகிறது. கண் முன்னால் நடக்கிறது. வாயைத் திறக்கிறேன், "மா... மா..." என்பதற்கு மேல் வரவில்லை. பசுமாடு கத்துகிற மாதிரி இருந்ததாக அகிலா பிற்பாடு சொன்னாள். மாமா வாய் வைத்துக் குடிக்கிற பழக்கம் இல்லாதவர். அண்ணாந்து, சொம்பை உயரத் தூக்கி, கடகடவென்று ஊற்றினார்.

மூன்றாவது மடக்கில் தொரை வந்தான்.

மாமா கண்கள் விரிந்தன. கன்னம் ஒரு பக்கம் உப்பியது, பிறகு மறுபக்கம் உப்பியது. (சண்டைக்கார மீன் அல்லவா!) அடுத்த நொடி அவர் இரண்டு கையையும் குவித்துத் துப்பினார். உள்ளங்கையில் செக்கச்செவேல் என்று துள்ளினான் தொரை. அத்தைதான் முழங்கால் வலியை மறந்து ஓடிவந்து, சொம்பைப் பிடுங்கி, மிச்சத் தண்ணீரில் அவனைப் போட்டார். நான்கு பேரும் எட்டிப் பார்த்தோம். அவன் ஒரு சுற்று வந்து, செவுளை விரித்துக்கொண்டு எங்களை முறைத்தான்.

அந்த முறைப்பைத் தாங்க முடியாமல் என் வாய் தானாகக் கழன்றுகொண்டது. "மாமா, நான் மீன விடல. பொண்ணு கேக்க வந்த அன்னிக்கும் வஞ்சிரம் சாப்ட்டுட்டுதான் வந்தேன். ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம எங்கம்மா வூட்ல சாப்புடுறேன். போன வாரம் நண்டு. ஆனா தொரைய நான் ஒண்ணும் பண்ணல, கல்லுதான் கழுவினேன். என்ன மன்னிச்சிடுங்க மாமா" என்று சொல்லி அழுதேவிட்டேன். இருபத்தொன்பது வயதுக்காரன், மஞ்சள் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு.

மாமா என்னை நிமிர்ந்து பார்த்தார். அவ்வளவு பயந்த முகத்தை நான் கண்ணாடியில் தவிர வேறு எங்கும் பார்த்ததில்லை.

"அத அப்பறம் பேசிக்கலாம்" என்றார். பிறகு அகிலாவுக்குக் கேட்காமல் என் பக்கம் குனிந்து, "மாப்ள, ஒங்களுக்குத்தான் இதெல்லாம் தெரியும். இப்ப நான்... இது கவுச்சி சாப்ட்டதா ஆவுமா?"

"முழுங்கலியே மாமா. முழுங்கினாதான்."

"கொஞ்சம் ருசி தெரிஞ்சிதே."

"அது தீனி ருசி மாமா. மீனு ருசி வேற."

அவர் மூச்சு விட்டார். என் மஞ்சள் கையைப் பிடித்துக்கொண்டு, "வடலூர்லேர்ந்து நேரா வரேன் மாப்ள. யார்கிட்டயும் சொல்லிடாதீங்க" என்றார். சொல்ல மாட்டேன் என்று சத்தியம் செய்து கொடுத்தேன். அதற்குள் அத்தை அந்தக் கூழாங்கல்லைக் குண்டானில் கொட்டி, அரிசி களைகிற மாதிரி வெறுந்தண்ணீரில் களைந்து களைந்து, கண்ணாடித் தண்ணீர் வருகிற வரைக்கும் விடவில்லை. (கல் மட்டும் இன்றைக்கும் லேசாக மஞ்சள்தான்.) மறுநாள் தொரை அதன் மேல் உலாத்தினான். கீரைச்சட்டி தோட்டத்தில் செம்பருத்திச் செடிக்குத் தொட்டியாகிவிட்டது.

நான் என் சத்தியத்தை இதுவரை காப்பாற்றினேன். ஆனால் அத்தையிடம் யாரும் சத்தியம் வாங்கவில்லை. அந்த வாரமே தெருவுக்குத் தெரிந்துவிட்டது, அடுத்த மாதம் நெல்லிக்குப்பம் சொந்தக்காரர்கள் வரைக்கும் போய்விட்டது. என் ஞாயிற்றுக்கிழமைகளைப் பற்றி மாமா இன்றுவரை ஒரு வார்த்தை கேட்டதில்லை. போன வருடம் ஒரு விருந்தில் புதிதாகப் பழகிய ஒருவர் என்னைக் காட்டி, "மாப்ள கவுச்சி சாப்புடுவாரா?" என்று விசாரித்தார். மாமா அவசர அவசரமாக ரசத்துக்குள் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். அத்தை அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே சொன்னார்:

"மாப்ள சாப்புடுவாரு. ஆனா அவரு கழுவி, கொழம்பு வெச்சாதான் சாப்புடுவாரு. எங்க வூட்டுக்காரருக்கு அந்தப் பொறும கெடையாது, உசுரோடயே வாயில போட்டுக்குவாரு."