பத்தில் ஒன்பது வீடு

தூத்துக்குடி

அன்புள்ள தம்பி சிவப்பிரகாஷுக்கு,

அக்கா இசக்கிசெல்வி எழுதுவது. ஹார்பர் லாரிகளின் தூசியை விழுங்கிக்கொண்டு நாங்கள் இங்கே நலம். சென்னையில் உன் நலத்துக்கு உன் படிப்பு இடைஞ்சல் செய்யாதிருக்க வேண்டுகிறேன். வாட்ஸப்பில் எழுதினால் கட்டைவிரலைக் காட்டி முடித்துவிடுவாய் என்பதால் தபால்.

நடத்தை அறிவியல்படி நீ அரசுக்கு வாசகம் எழுதிக் கொடுத்த வீட்டுவரிக் கடிதம் வந்தது. "உங்கள் தெருவில் பத்தில் ஒன்பது வீட்டார் வரி கட்டிவிட்டார்கள். கட்டாதவர் நீங்கள்." அடுத்தவன் கட்டிவிட்டான் என்று சொன்னால் போதும், மனிதன் வெட்கப்பட்டே கட்டிவிடுவான் என்று பொங்கலுக்கு வந்தபோது விளக்கினாய். எங்கள் தெருவில் இருப்பதே பத்து வீடு என்பதை உன் அறிவியல் எண்ணிப் பார்க்கவில்லை. ஊருக்கெல்லாம் பொருளியல் நடத்துகிற நான்தான் அந்த ஒரே திருடி, சேர்த்துவைத்த மரியாதையெல்லாம் போயிற்று என்று கோலம் போடக்கூட வாசலுக்கு வரவில்லை. பக்கத்து வீட்டு பிளாரன்ஸ் அக்கா மதிலுக்கு மேலாக எட்டிப் பார்த்து, "ஒம்பது வீடு கெட்டியாச்சாமே டீச்சர். அந்த ஒத்த மவராசன் யாருன்னுதான் தெரியல" என்றாள். "எனக்கும் தெரியலக்கா" என்றேன்.

திங்கட்கிழமை குடையால் முகத்தை மறைத்துக்கொண்டு மாநகராட்சி வரி அலுவலகம் போனால், வரிசையில் எனக்கு முன்னால் பிளாரன்ஸ் அக்கா. நாய்க்கு லைசென்ஸ் எடுக்க வந்தாளாம். அவள் வீட்டில் பூனைகூடக் கிடையாது. அவளுக்கு முன்னால் பலசரக்குக் கடை லிங்கராஜ் அண்ணாச்சி, பிறப்புச் சான்றிதழுக்கு. "யாருக்கு அண்ணாச்சி?" "எனக்குத்தான்." எழுபது வயது மனிதர் அதைச் சொல்லும்போதே அவர் சட்டைப்பையிலிருந்து உன் கடிதம் நழுவி விழுந்தது. பிளாரன்ஸ் அக்கா எடுத்து வாசித்துவிட்டுத் தன் கடிதத்தை உருவினாள். அப்புறம் வரிசையே உருவியது. நிற்பது மொத்தமும் எங்கள் தெரு.

"ஏளா, பத்து வீடும் இங்கன நிக்கி. கெட்டுன ஒம்பது எங்கன இருக்கு?" என்றார் அண்ணாச்சி.

"டீச்சர் தம்பி இதானே மெட்ராஸ்ல பாக்கான்? அவன்கிட்டல்ல கேக்கணும்" என்றாள் பிளாரன்ஸ் அக்கா.

தெருக்குழாய்க்கே ஒன்றுசேராத ஜனம் வரி கட்டாமலே வரிசையைவிட்டு வந்து டீக்கடையில் ஒன்றுசேர்ந்தது. நீ மன்னிப்புக் கேட்கும்வரை ஒருவரும் வரி கட்டக்கூடாது என்று முடிவு. முதல் கையெழுத்து என்னுடையது. போடாமலிருந்தால் தெருவில் எனக்குப் பேச ஆளிருக்காது. ஆகவே மன்னிப்புக் கடிதத்தை உடனே அனுப்பு. உன் அறிவியல் இந்தத் தெருவில் படுதோல்வி என்பதையும் மேலிடத்துக்கு எழுது.

திருச்செந்தூர் முருகன் உனக்கு நல்ல புத்தியும், உன் மனைவிக்கு இன்னும் கொஞ்சம் பொறுமையும் அருளட்டும்.

அன்புடன்,
அக்கா

பி.கு.: தபாலாபீஸ் போகிற வழியில்தான் வரி அலுவலகம். கூட்டமில்லை, கட்டிவிட்டேன். தெருவில் யாருக்கும் தெரிய வேண்டாம். ரசீது தந்த பெண், "ஒங்க தெருவுல நீங்க மட்டுந்தான் மேடம் பாக்கி. மத்த ஒம்பது வீட்டுக்காரவளும் ஒவ்வொருத்தரா வந்து கெட்டிட்டாவ" என்றாள். மன்னிப்புக் கடிதத்தை மட்டும் மறக்காமல் அனுப்பு. அது வரும்வரை வரி கட்டுவதில்லை என்பதில் தெரு இன்னும் உறுதியாக இருக்கிறது.