பாம்பாம் காக்காவின் சக்கர வீடு

கால்நடையாகப் போகும்போதும் ஹோர்ன் அடித்துக்கொண்டு போன மனிதர் கல்முனைக்குடியில் ஒருவர்தான். அப்படி இன்னொருவர் இலங்கையில் இருந்திருந்தால் எந்தச் சந்தியிலாவது இருவரும் மோதியிருப்பார்கள்.

அண்ணனை எங்கள் ஊரில் காக்கா என்போம். பாம்பாம் காக்கா என்றால் பக்கத்து ஊர் பாண்டிருப்பு வரை தெரியும். அவர் ஓட்டிய குட்டி பஸ்ஸின் ரப்பர் ஹோர்ன் ஒருநாள் கிழிந்துபோயிற்று. முதலாளி புதிது வாங்கித் தரும்வரை சமாளிப்போம் என்று, ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி வாயாலேயே “பாம்... பாம்” என்று அடிக்கத் தொடங்கினார். முதலாளி வாங்கித் தரவேயில்லை. பழக்கம் மட்டும் தங்கிவிட்டது. பள்ளிவாசலுக்கு நடந்து போகையிலும் முடுக்கு வந்தால் ஒரு “பாம்” கேட்கும். வலப்பக்கம் திரும்புவதென்றால் வலக்கை நீளும். தெருவில் படுத்திருந்த எருமை ஒன்று ஒருநாள் அந்தச் சத்தத்துக்கு எழும்பி வழிவிட்டது. காக்கா அதற்கு மரியாதையாகக் கைகாட்டிவிட்டுப் போனார்.

பஸ் கம்பனிகளை அரசாங்கம் எடுத்தபோது அந்தக் குட்டி பஸ்ஸை எடுக்க மட்டும் ஆளில்லை. “உன்னத் தவிர ஆருக்கும் இது அசையாது, நீயே வெச்சிக்க” என்று முதலாளி காக்காவின் பெயருக்கே மாற்றிக் கொடுத்துவிட்டார்.

எங்கள் கரையில் வீடு பெண்ணுக்குத்தான். மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவார்; மகள் கல்யாணமானால் பெற்றவர்கள் இருக்கிற வீட்டை அவளுக்குக் கொடுத்துவிட்டு ஒதுங்குவார்கள். காக்காவும் மனைவி கதீசாத்தாவும் கடைசி மகளுக்கு வீட்டைக் கொடுத்துவிட்டுப் பின்னால் சமைக்கிற குசினிக்கு ஒதுங்கியிருந்தார்கள். மருமகன் தங்கமானவர். கஷ்டமே அதுதான். அவர் தூங்குகிறார் என்று கதீசாத்தா இருமலைக்கூட விழுங்கினார்.

“எனக்கெண்டு ஒரு கதவு இரிந்தாப் போதும், நானே தொறந்து நானே சாத்த” என்று அவர் ஒருநாள் சொன்னாராம். காக்கா பஸ்ஸைப் பார்த்தார். அதில் கதவு இருந்தது.

நான் அப்போது எஸ்.எஸ்.சி. பாஸ் பண்ணிவிட்டு, வேலை தேடுவதாக வீட்டாரை நம்பவைத்துக்கொண்டிருந்தேன். லைசென்ஸ் அலுவலுக்கு இங்கிலீஷ் தெரிந்தவன் வேண்டும் என்று காக்கா சொல்லி முடிக்குமுன் நான் பஸ்ஸுக்குள் இருந்தேன். சக்கரத்தில் வீடு! சும்மா இருக்க முடியுமா?

சீட்டுகளைக் கழற்றிக் கட்டில் அடித்தோம், திரை போட்டோம், மூலையில் அடுப்பு வைத்தோம். பிறகு லைசென்ஸுக்காக மட்டக்களப்புக் கச்சேரிக்கு, மாவட்ட அரசாங்க அலுவலகத்துக்குப் போனோம்.

“இது என்ன?” என்றார் கிளாக்கர்.

“ஊடு.”

“அப்ப உங்கட ஊர்ச் சபைக் கந்தோருக்குப் போங்க.”

சபைக் கந்தோரில் பஸ்ஸைச் சுற்றி வந்து பார்த்தார்கள். “சக்கரம் கிடக்கே காக்கா! கச்சேரிக்குப் போங்க.”

இப்படிப் போய் வந்ததில் அந்த வீடு ஆள் குடியேறுமுன்பே பாதி இலங்கையைச் சுற்றிய தூரம் ஓடிவிட்டது. கடைசியில், வாகனப் பரிசோதகர் நேரில் வந்து பார்ப்பார், அதற்குமுன் இன்சூரன்ஸ் வேண்டும், இரண்டும் சரிவராவிட்டால் பழைய இரும்புக்குத்தான் என்று சொல்லிவிட்டார்கள்.

இன்சூரன்ஸ் ஏஜன்ட் கோட்டுப் போட்டுச் சைக்கிளில் வந்தார். குனிந்து கீழே பார்த்தார். நிமிர்ந்து உள்ளே பார்த்தார்.

“கீழ பெற்றோல், மேல அடுப்பு. காக்கா, இதுக்குக் கையெழுத்துப் போடுறதெண்டா முதல்ல நான் எனக்கு இன்சூரன்ஸ் எடுக்கணும்.”

“எரியக்குள்ள ஓடாது, ஓடக்குள்ள எரியாது தம்பி.”

“மூணாம் ஆளுக்கு ஒண்டு நடந்தா?”

“நானும் அவளும்தானே போறம். அதுக்குள்ள மூணாம் ஆள் ஆருகா?”

தெருவில் போகிறவன்தான் மூணாம் ஆள் என்று நான் விளக்கி, அடுப்பை வெளியே தரையில் வைத்துத்தான் மூட்டுவது என்று காக்காவைச் சம்மதிக்கவைத்து, ஏஜன்டின் கையெழுத்தை வாங்குவதற்குள் எனக்கு மீசை அடர்ந்துவிட்டது. அந்தச் சந்தோஷத்தில் காக்கா என்ன செய்தார் தெரியுமா? யாரிடமும் சொல்லாமல் பஸ்ஸைக் கதீசாத்தாவின் பெயருக்கு மாற்றிவிட்டார்! இன்சூரன்ஸ் காக்காவின் பெயரில்; வண்டியோ இப்போது அவருடையதல்ல. எடுத்த இன்சூரன்ஸ் அந்த நிமிஷமே செத்துப்போயிற்று.

ஏஜன்ட் சைக்கிளைப் போட்டுவிட்டுத் தலையில் கைவைத்தார். “ஏன் காக்கா? ஏன்?”

“பஸ்ஸா இரிக்கிற வரைக்கும் என்ட. ஊடானாப் பொறகு அவள்ட. ஆம்புளைக்கு ஊடு எங்க தம்பி இரிக்கி?”

இந்த நிலையில்தான் பரிசோதகர் வந்து இறங்கினார். யாழ்ப்பாணத்து மனிதர், பளபளக்கும் சப்பாத்து, சிரிக்காத முகம்.

“பஸ் எண்டு பதிஞ்சிருக்கு. சீட் எங்கை?”

“கட்டிலாக்கிட்டன் சேர். இரிந்தா சீட், படுத்தா கட்டில்.”

“ஹோர்ன் வேலை செய்யுதோ?”

காக்கா தலையை வெளியே நீட்டி, “பாம்!” என்றார். வேலியில் இருந்த காகம் பறந்தது. பரிசோதகர் பேனாவை மூடினார்.

“இது பஸ்ஸுமில்லை, காருமில்லை, வீடுமில்லை. உள்ளுக்கை ஒருக்காப் பாத்திட்டு, உடைக்கத்தான் எழுதவேணும்.”

காக்காவின் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. பரிசோதகர் படியில் கால் வைத்தார். திரைக்குப் பின்னாலிருந்து கதீசாத்தாவின் குரல் வந்தது.

“சப்பாத்தக் கழட்டிப்போட்டு வாங்க மனே. இப்பதான் கூட்டின.”

மனிதர் யோசிக்கவேயில்லை. குனிந்து நாடாவை அவிழ்த்து, இரண்டு சப்பாத்தையும் படிக்குக் கீழே ஒழுங்காக வைத்துவிட்டு ஏறினார். உள்ளே கட்டில் விளிம்பில் இருந்தார். திரைக்குக் கீழால் ஒரு தேத்தண்ணிக் கோப்பை வந்தது. குடித்தார். பாதிக் கோப்பையில் தன் வெறுங்காலைப் பார்த்தார், வெளியே சப்பாத்தைப் பார்த்தார், முதல்முறையாகச் சிரித்தார்.

“வாகனத்துக்கை ஏற நான் இண்டுவரைக்கும் சப்பாத்துக் கழட்டினதில்லை” என்றார். பேனாவைத் திறந்தார். தனியார் வாகனம், முன்னால் ஆசனம் இரண்டு, அடுப்பு வெளியே, கட்டாயம் ஒரு புது ஹோர்ன். ஏஜன்டும் கதீசாத்தாவின் பெயரில் புதிதாக எழுதினார். தொழில் என்ற இடத்தில் என்ன போடுவது என்று கேட்டார். “ஊட்டுக்காரி” என்றார் காக்கா.

லைசென்ஸ் கண்ணாடியில் ஒட்டிய அன்று காக்கா பஸ்ஸில் ஏறவில்லை. கல்யாண மாப்பிள்ளைபோல் படிக்குக் கீழே நின்றார்.

“ஏறுங்களன்” என்றேன்.

“பொறு. ஊட்டுக்காரி கூப்பிடட்டும்.”

கதவு உள்ளிருந்து திறந்தது. கதீசாத்தா செம்பில் தண்ணீர் கொண்டுவந்து, படியில் நின்றபடி அவர் காலில் ஊற்றினார். பிறகு வாய்விட்டு, நன்றாக, தெருவுக்கே கேட்க ஒரு முறை இருமினார்.

“வாங்க உள்ளுக்கு” என்றார்.

அவர்கள் சாகாமம் குளத்தங்கரையில் நிற்பதாக ஒரு கிழமை கேள்விப்படுவோம். மறு கிழமை வேறெங்காவது. புது ஹோர்ன் பூட்டியும் காக்கா வாயால்தான் அடித்தார். எனக்கும் ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டது. கல்முனைச் சந்தியில் எந்த பஸ் வந்து நின்றாலும், படியில் ஏறுமுன் என் கை செருப்பைக் கழற்றக் குனிந்துவிடுகிறது. கொண்டக்டர் திட்டுகிறார். திட்டட்டும்.