மூன்று முறை கூப்பிடப்பட்ட மாப்பிள்ளை

கல்யாணப் பத்திரிகையில் அச்சாவதற்கு முன்பே என் பெயர் கோர்ட்டுப் பேப்பரில் ஏறிவிட்டது. இதை என் பிள்ளைகளிடம் மறைக்கத்தான் நினைத்தேன். வீட்டுக்குள்ளேயே சாட்சி உட்கார்ந்திருக்கும்போது என்ன செய்ய முடியும்?

அப்போது நான் ஒரகடம் பக்கம் ஒரு கார் உதிரிபாகக் கம்பெனியில் டிரெய்னி. சுங்குவார்சத்திரத்தில் ஒரே அறையில் ஐந்து பேர், எல்லாரும் சங்கரன்கோவில் பக்கத்துப் பையன்கள். சேரப்பணஞ்சேரியில் சுமதியைப் பெண் பார்த்து, இரண்டு வீட்டிலும் சரி என்று சொல்லியாகிவிட்டது. நிச்சயதார்த்தத்துக்கு இன்னும் இரண்டு வாரம். பெண்ணின் அப்பாவுக்கு கவர்மென்ட் உத்தியோகம் என்றார்கள். எந்த ஆபீஸ் என்று நான் கேட்கவில்லை. (சுமதி காபித் தட்டோடு வந்து நின்ற நேரம் அது. மூளை வேலை செய்தால்தானே!)

சுமதி தினமும் காலை எட்டேகால் பஸ்ஸில் படப்பைக்கு வேலைக்குப் போவாள். எனக்கு செகண்ட் ஷிப்ட். ஒரு நாள் அறைத் தோழன் பாண்டியின் பைக்கை இரவல் வாங்கி, அவள் பஸ் ஏறுவதற்குள் ஒரு பார்வை பார்த்துவிட வேண்டும் என்று பறந்தேன். ஐம்பதில் போக வேண்டிய வண்டி எழுபத்தெட்டில் போனதாகப் போலீஸ்காரரின் கருவி காட்டியது. பாண்டியின் பைக்குக்கு அவ்வளவு தெம்பு உண்டென்று எனக்கே அன்றுதான் தெரியும்.

"இங்கியே ஃபைன் கட்டிட்டுப் போய்க்கினே இரு தம்பி," என்றார் அவர். நல்ல மனிதர். நான்தான் சட்டம் பேசினேன். ஸ்பாட்டில் கட்டினால் பெயர் போலீஸ் ரெக்கார்டில் ஏறிவிடும், அப்புறம் கம்பெனியில் பெர்மனென்ட் ஆக முடியாது என்று பாண்டி எப்போதோ சொல்லியிருந்தான்.

"கோர்ட்டுலயே பாத்துக்கிடுதேன் சார்," என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு எழுதிக் கொடுத்தார்.

அறைக்கு வந்து பேப்பரைக் காட்டியதும் பாண்டி தலையில் கை வைத்துக்கொண்டான்.

"எலேய், நான் மாத்திச் சொல்லிட்டேன் போலருக்கு. ஸ்பாட்டுல கட்டிருந்தா அங்கனயே முடிஞ்சிருக்கும். இப்போ கேஸாயிட்டு. வேகமாப் போனா ஒரு செக்‌ஷன், வெறும் ஃபைனு. ஆபத்தா ஓட்டினா அடுத்த செக்‌ஷன். அதுன்னா ஆறு மாசம் வரைக்கும் உள்ள வைக்கலாமாம்."

"எனக்கு எதுல போட்டுருக்கு?"

"எனக்கென்னல தெரியும்? நான் என்ன வக்கீலா?" (அதுவரை வக்கீல் மாதிரிதான் பேசினான்.)

ஒரு வாரம் சோறு இறங்கவில்லை. ஜெயிலுக்குக்கூட நான் அவ்வளவு பயப்படவில்லை. கேஸ்காரனுக்குப் பெண் கிடையாது என்று சுமதி வீட்டில் சொல்லிவிட்டால்? இரண்டு முறைதான் அவளைப் பார்த்திருந்தேன். அதற்குள் அவள் இல்லாமல் முடியாது என்கிற அளவுக்கு முற்றிப்போயிருந்தது.

பெண் வீட்டார் யார் கண்ணிலும் பட்டுவிடக் கூடாதென்று கோர்ட்டுக்கு முகத்தில் கைக்குட்டை கட்டிக்கொண்டு போனேன். (கோர்ட் வாசலில் முகத்தை மூடிக்கொண்டு நிற்பவனை யாரும் கவனிக்க மாட்டார்கள் என்று நம்பிய வயது.) கோர்ட்டில் டவாலி என்று ஒருவர் உண்டு. வெள்ளைச் சட்டைக்குக் குறுக்கே பட்டையும் பித்தளை வில்லையும் அணிந்து, வாசலில் நின்று ஒவ்வொருவர் பெயரையும் மூன்று முறை கூப்பிடுவார்.

"சுடலைமுத்து மகன் மாரிமுத்து! மாரிமுத்து! மாரி..."

மூன்றாவது பாதியில் நின்றது. நான் கைக்குட்டையை இறக்கிவிட்டு நிமிர்ந்திருந்தேன். எதிரே சுமதியின் அப்பா. கவர்மென்ட் உத்தியோகம்!

அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு, விட்ட பாதியையும் சொல்லி முடித்தார். கடமை தவறாத மனிதர்.

எனக்கு முன்னால் போனவர்கள் எல்லாரும் 'ஒத்துக்கிறேன்' என்று ஒரே வார்த்தை சொல்லி, அபராதம் கட்டிப் போய்க்கொண்டிருந்தார்கள். அதுதான் அங்கே வழக்கம். நானும் ஒத்துக்கொண்டேன். மாஜிஸ்ட்ரேட் அம்மா சும்மா இருக்காமல், "அவ்ளோ வேகமா எங்கப்பா போனே?" என்று பேச்சுக்குக் கேட்டுவிட்டார். கோர்ட்டில் பொய் சொன்னால் அதற்குத் தனி செக்‌ஷன் என்று பாண்டி சொல்லி அனுப்பியிருந்தான்.

"ஒரு பொண்ணு பஸ் ஏறுததுக்குள்ள பாத்துரலாம்னு போனேம்மா."

"எந்தப் பொண்ணு?"

கூண்டிலிருந்தபடியே வாசலைக் கை காட்டினேன். "அவுக பொண்ணுதான்."

எழுதிக்கொண்டிருந்த குமாஸ்தா பேனாவை வைத்தார். வக்கீல்கள் பெஞ்சில் சிரிப்பு வெடித்தது. மாஜிஸ்ட்ரேட் ஃபைலால் வாயை மறைத்துக்கொண்டு, "ஏகாம்பரம், நிஜமா?" என்றார்.

"நிச்சயம் பண்ணப்போற மாப்ளைங்கம்மா," என்றார் மாமா, விறைப்பாக நின்றபடியே.

வேகமாகப் போனதற்கு அபராதம், அவ்வளவுதான் தீர்ப்பு. கட்டிவிட்டு வெளியே வந்தேன். மதிய இடைவேளையில் மாமா என்னை எதிர் டீக்கடைக்கு அழைத்துப் போனார்.

"மாமா, கல்யாணம்..."

"இன்னாத்துக்கு நடுங்குற? வெறும் ஸ்பீடு கேசு, ஃபைனோட பூட்ச்சு. இதுக்கோசரம் பொண்ணு குடுக்காம இருப்பாங்களா?" டீயை ஆற்றினார். "இத்தினி வருசமா பேர் கூப்ட்டுகினு கீறேன். கூண்டுல நின்னு இவ்ளோ நெசம் பேசுனவன பாத்ததில்ல. ஆனா இனிமே மெதுவா வா. பஸ்ஸ வுட்டா சுமதி அடுத்த பஸ் புடிப்பா. உன்ன வுட்டா இன்னா பண்ணுவா?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. டீ சூடு என்று சொல்லிச் சமாளித்தேன்.

மாமா இப்போது ஓய்வுபெற்று எங்களோடுதான் இருக்கிறார். சுமதி இலை போட்டதும், பட்டையும் வில்லையும் இல்லாமலே அறை வாசலில் விறைப்பாக நின்று, "சுடலைமுத்து மகன் மாரிமுத்து!" என்று மூன்று முறை கூப்பிடுவார். பிள்ளைகள் உள்ளிருந்து, "ஒத்துக்கிறாராம்!" என்று கத்தும். வயதாகிவிட்டது, குரல் முன்போல் எழும்புவதில்லை. இருந்தாலும் முதல் கூப்பாடே எனக்குத் தெளிவாகக் கேட்டுவிடும். மூன்றாவது வரைக்கும் எழுந்திருக்க மாட்டேன்.