தீவன லாரி வரும் நேரம்

பிரவீனா மறுபடியும் போனைச் சீக்கிரம் வைத்துவிட்டாள்.

"நைட் டூட்டி பாத்ததுல கண்ணெல்லாம் எரியுதுங்க, தூங்கறேன்" என்றாள். சிவக்குமார் அதை நம்பவில்லை. தன் இங்கிலீஷ்தான் காரணம் என்று நினைத்தான்.

அவனுக்குப் புதுச்சத்திரத்தில் கோழிப்பண்ணை. கல்யாணமான ஆறாம் மாதமே மனைவி நர்ஸ் வேலைக்குக் கிளாஸ்கோ போய்விட்டாள். விசா வந்ததும், பண்ணையைத் தம்பியிடம் விட்டுவிட்டு அவனும் போக வேண்டும். சேலத்தில் படித்துப் பாஸான இங்கிலீஷ் அங்கே செல்லாது என்று அவள்தான் முதலில் சொன்னாள். வார்டில் ஒரு பெரியவர் பேசியதற்கெல்லாம் தலையாட்டிவிட்டு, வெளியே வந்து இன்னொரு நர்ஸிடம் அர்த்தம் கேட்டாளாம். ஆமாம் என்றால் அங்கே 'ஐ'. சின்னதெல்லாம் 'வீ'. பரவாயில்லை என்பதற்கு 'நே பாதர்'. இப்போது அவளுக்கே அதெல்லாம் பழகிவிட்டது.

அங்கே போய் அவளுக்குத் தலைக்குனிவை உண்டாக்கக் கூடாது என்று சிவக்குமார் முடிவு செய்தான். அடுத்த போனிலேயே ஆரம்பித்தான்.

"ஐ! ஐ!"

"என்னங்க, கால எங்கயாச்சும் இடிச்சுக்கிட்டீங்களா?"

"நோ, நோ. இட்ஸ் எ வீ சில்லி டுடே."

குளிராக இருக்கிறதாம்; புதுச்சத்திரத்தில் அனல் பறந்துகொண்டிருந்தது. அவள் சிரிப்பாள் என்று எதிர்பார்த்தான். கொட்டாவிதான் விட்டாள்.

சேலம் அஸ்தம்பட்டியில் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் சேர்ந்தான். மாஸ்டர் முன்பு கால்சென்டரில் இருந்தவர். அவரிடம் அமெரிக்கா மட்டும்தான் ஸ்டாக் இருந்தது. அதை இறக்கிக்கொண்டு வந்து பேசியதில் போன் பேச்சு இன்னும் சுருங்கியது. பிறகு முட்டை வண்டியில் கிளாஸ்கோ கால்பந்து வர்ணனையைப் போட்டுக் கேட்டான். அதிலிருந்து வேகம் மட்டும் வந்தது.

"போதும் உடுங்க" என்றாள் பிரவீனா ஒருநாள். "நீங்க நம்மூர்ப் பேச்சே பேசுங்க."

"ஏன், எனக்கு வராதுங்கறயா?"

அவள், "தீவன லாரி இன்னிக்கும் லேட்டுங்களா?" என்று மட்டும் கேட்டாள். பிறகு தூக்கம் வருகிறது என்று வைத்துவிட்டாள்.

மனசு கேட்காமல் அவன் திரும்பவும் கூப்பிட்டான். தூங்கப் போனவளின் லைன் பிஸியாக இருந்தது. மறுநாளும் அப்படியே. அந்த இங்கிலீஷை நன்றாகப் பேசுகிறவர்கள் அந்த ஊரில் எத்தனையோ பேர் இருப்பார்கள். கட்டிலில் அவள் படுக்கும் பக்கத்தில் இப்போது இங்கிலீஷ் புத்தகங்கள் கிடந்தன.

இனி ஒரு வார்த்தை நம்மூர்ப் பேச்சு கிடையாது, யாரிடமும், என்று தீர்மானித்தான்.

அன்று மத்தியானமும் தீவன லாரி தாமதமாகவே வந்தது. டிரைவர் பூபதி தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு இறங்கினார். வழக்கமாக சிவக்குமார், "வண்டிய ஓட்டிட்டு வாரயா, உருட்டிட்டு வாரயா? உம்பட மூஞ்சியப் பாத்துக்கிட்டே கோழி முட்ட வெச்சுருமா?" என்று தொடங்குவான். கோழிகளே ஒரு நிமிஷம் அடங்கிவிடும். முட்டை பொறுக்கும் வசந்தாமணியக்காகூட வேலையைப் போட்டுவிட்டு, கையில் செல்போனோடு மூட்டை அடுக்கோரம் வந்து நின்று கேட்பாள். இன்றும் வந்து நின்றாள்.

சிவக்குமார் பூபதியைப் பார்த்துப் புன்னகைத்தான்.

"நே பாதர், மை ஃப்ரெண்ட்."

பூபதிக்கு முகம் வெளுத்துவிட்டது. "ஏனுங்க, லோடு வேற ஆளுக்குப் பேசிட்டீங்களா?"

"நோ, நோ. ஹேவ் எ வீ டீ."

"தப்புத்தானுங்க. ரெண்டு வார்த்த திட்டிப்போடுங்க. இப்புடிச் சிரிச்சுக்கிட்டு நின்னீங்கன்னா நா எப்புடிங்க லோட எறக்கறது?"

சிவக்குமார் மறுபடியும் புன்னகைத்தான். மூட்டை அடுக்கோரம் நின்ற வசந்தாமணியக்கா பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, செல்போனை நீட்டியபடி வெளியே வந்தாள்.

"ஏனுங்க சாமி, இன்னிக்குத் திட்ட மாட்டீங்களா? தெனமும் உங்க சத்தத்தக் கேட்டுட்டுத்தானுங்க பிரவீனா தூங்கும். பாவம், இன்னும் லைன்லயே இருக்குது!"