ஆறு இலக்க அருள்வாக்கு

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், மூடிக் கிடந்த அரிசி ஆலைக்குத் திடீரென்று மவுசு வந்துவிட்டது. உள்ளே ரிசல்ட் சித்தர். வெளியே ஊர்.

வெள்ளிமலையிலிருந்து ஜீப்பில் வந்தார்கள். திருநாவலூரிலிருந்து பஸ் மாறி வந்தார்கள். ஒரு கையில் எலுமிச்சம்பழம், இன்னொரு கையில் மார்க் ஷீட். பொறியியல் கலந்தாய்வு நடக்கிற வாரம். எந்தப் பிள்ளைக்கு எந்தக் கல்லூரி என்று சென்னையில் ஒரு கம்ப்யூட்டர் முடிவு செய்யும். அதைச் சித்தர் இங்கே கண்ணை மூடிக்கொண்டே பார்த்துச் சொல்லிவிடுவார்.

கல்வராயன் மலையில் பன்னிரண்டு வருடம் தவம் இருந்தாராம். அங்கே வராத அருள் இறங்கி வந்த பிறகு எப்படி வந்தது? மலையில் பாதி இடத்தில் டவர் கிடையாது, இங்கே சிக்னல் கொட்டுகிறது என்று சொல்லிப் பாருங்கள், அடிக்க வருவார்கள். இன்னொன்று, கரண்ட் போனால் அருள்வாக்கும் போய்விடும். தெய்வத்துக்குக் கூட மின்வாரியம்தான் துணை.

முறை எளிது. மஞ்சள் தடவிய சீட்டில் பெயர், நட்சத்திரம், விண்ணப்ப எண் எழுத வேண்டும். அப்புறம் பாஸ்வேர்டு.

"பாஸ்வேர்டு எதுக்குங்க சாமி?" என்று முதல் நாளே ஒருத்தர் கேட்டாராம்.

"பூட்டுக்கு மந்திரம் போட்டா போதுமா? சாவி வாணாமா?" என்றாராம் சித்தர். கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது.

சீட்டோடு சித்தர் பின்னறைக்குப் போவார். கதவு சாத்தப்படும். பத்து நிமிடம் தியானம். வெளியே வந்து கல்லூரி, பாடப்பிரிவு எல்லாம் சொல்வார். எல்லாம் சரியாக இருக்கும். இருக்காதா பின்னே?

கோகிலவாணிக்கும் அப்படித்தான் இரண்டு நாளைக்கு முன்னால் சொன்னார். "சேலம். அரசுக் கல்லூரி. சிவில். ஆனா சம்மதப் பொத்தான தொடாத மகளே. ஏத்தப் பூசை ஒண்ணு பண்ணா அடுத்த சுத்துல சென்னையே வரும்."

அவள் அப்பா பொன்னுரங்கம் எலவனாசூர்கோட்டைப் பக்கம் கரும்பு வெட்டுகிறவர். பூசைப் பணத்தை மடியில் முடிந்துகொண்டு இன்று மறுபடியும் வரிசையில் நிற்கிறார். மணி மூன்றரை. கிடைத்த கல்லூரி இடத்துக்குச் சம்மதம் சொல்லும் கெடு இன்று ஐந்து மணியோடு முடிகிறது. வெப்சைட்டில் ஒரே ஒரு பொத்தான். அமுக்காவிட்டால் சீட் போய்விடும்.

"ப்பா, அஞ்சு மணிக்குள்ள அமுக்கலன்னா வேற யாருக்காச்சும் பூடும்பா."

"சும்மா கெட. நாம வாயே தொறக்கல. காலேஜ் பேரு, குரூப்பு எல்லாத்தையும் புட்டுப் புட்டு வெச்சாரு. அவரு தொடாதன்னா தொடக் கூடாது."

"நானே அமுக்கிட்டா?"

"அமுக்கிக்க. சாமி வாக்க மீறி அந்த காலேஜுக்கு உன்ன அனுப்ப மாட்டேன். அங்க உனக்கு ஒண்ணுன்னா நான் இன்னாடி பண்ணுவேன்?"

பாசம்தான். இந்த மாதிரி ஆசாமிகள் கடை போடுவதே அந்தப் பாசத்தின் வாசலில்தான்.

அவர்களுக்குப் பின்னால், வேடிக்கை பார்க்க வந்த நான். முன்னால் ஃபரீன் நின்றாள். கோகிலாவின் வகுப்புத் தோழி, பஜாரில் செருப்புக்கடை கவுஸ் பாஷாவின் மகள். தன் முடிவை முந்தாநாளே போனில் பார்த்துவிட்டாள். ஆனாலும் வரிசைக்கு வந்திருந்தாள். சீட்டில் எல்லாம் ஒழுங்காக எழுதினாள். பாஸ்வேர்டில் மட்டும் ஓர் எழுத்தை மாற்றினாள்.

கதவு மூடியது. பத்து நிமிடம். கதவு திறந்தது.

"மகளே, சாவி தப்பு. மந்திரம் ஏறல."

கூட்டம் சிலிர்த்தது. "பாஸ்வேர்டு தப்புன்றத கூட கண்டுபுடிச்சிட்டாருய்யா!" ஓர் அம்மா தடாலென்று காலில் விழுந்தார். மாட்டிக்கொண்ட இடத்திலும் மாலை போடுவதில் நம்மை யாரும் மிஞ்ச முடியாது.

ஃபரீன் முகத்தைப் பாவமாக வைத்துக்கொண்டாள். "மறந்து பூட்ச்சு சாமி. சாவி இல்லன்னா உங்களால முடியாதா?"

அத்தனை பேர் முன்னால் முடியாது என்று சொல்ல முடியுமா? "என்னால முடியாதது இன்னா கீது?" என்று சித்தர் உள்ளே போனார்.

ஃபரீன் தன் போனைப் பொன்னுரங்கத்திடம் நீட்டினாள். "அங்கிள், இத கொஞ்சம் புடிச்சிக்கினு இருங்க."

ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. போன் டிங் என்றது. கதவு இடுக்கில் தாடி தெரிந்தது.

"மகளே, இப்ப ஒரு ஆறு நம்பர் வந்திருக்கும். தெய்வம் அனுப்புனது. அத மட்டும் சொல்லு."

ஆறு நம்பர் என்றதும் பொன்னுரங்கம் போனை இறுக்கிப் பிடித்தார். தை மாதம் இப்படித்தான் யாரோ பேங்க் மேனேஜர் என்று போன் செய்து ஆறு நம்பர் கேட்டான். அவர் மனைவி ரங்கம்மாள் நம்பரைச் சொல்லிவிட்டாள். நூறு நாள் வேலைக் கூலி மொத்தமும் போனது. அன்றிலிருந்து அந்தத் தெருவுக்கே ஓடிபி பாடம் எடுக்கிறவர் பொன்னுரங்கம்தான்.

"கோகி, இதுல இன்னா போட்டுக்கீது? படி."

கோகிலா சத்தமாகப் படித்தாள். "கலந்தாய்வுக் கணக்கின் பாஸ்வேர்டை மாற்ற ஓடிபி. யாரிடமும் பகிர வேண்டாம்."

"ஓடிபியா சாமி?"

"தெய்வ எண்ணுப்பா அது."

"தெய்வத்துக்கு எதுக்குங்க ஓடிபி?"

தாடி உள்ளே மறைந்தது. பொன்னுரங்கம் கதவைத் தள்ளினார். கூட்டம் எட்டிப் பார்த்தது. உள்ளே விளக்கு இல்லை, படம் இல்லை, ஊதுவத்திகூட இல்லை. ஒரு டேபிள் ஃபேன், ஒரு வைஃபை பெட்டி, பாதி தின்ற பிஸ்கட் பாக்கெட், மஞ்சள் சீட்டுக் கட்டு. நடுவில் லேப்டாப். அதில் ஃபரீனின் விண்ணப்ப எண், கீழே ஆறு காலிக் கட்டங்கள்.

"இதான் ஞானக்கண்ணா?" என்றாள் ஃபரீன். "பதினஞ்சு இன்ச்சு இருக்கும்போல!"

"ஓடிபி கேக்கறவன் சாமி இல்லடா, திருடன்!" பொன்னுரங்கத்தின் குரலில் தை மாதக் கோபமும் சேர்ந்திருந்தது. சித்தர் பின்வாசல் வழியாக முக்தி அடைந்தார். செருப்பை மட்டும் விட்டுப் போனார்.

"அப்ப அன்னிக்கி உன் காலேஜ் பேர சொன்னது?"

"இதப் பாத்துதாம்பா. அது என் போன்லயே கீதுன்னு ரெண்டு நாளா கத்திக்கினு கீறேன்."

மணி நாலு நாற்பது. பொன்னுரங்கம் மகளைப் பார்த்தார். போனைப் பார்த்தார். மடியிலிருந்த பூசைப் பணத்தை அவிழ்த்து அவள் கையில் வைத்தார். "பொட்டி வாங்க வெச்சிக்க. அமுக்குடி, இன்னாத்த பாத்துக்கினு நிக்கிற?"

அமுக்கினாள். சேலம், சிவில், உறுதி.

கூட்டம் மெல்லக் கலைந்தது. காலில் விழுந்த அம்மா மட்டும் என்னிடம் வந்து ரகசியமாகக் கேட்டார்: "தம்பி, இவன் போனா போறான். நெசமாவே நல்லா சொல்ற சாமி வேற எங்கியாச்சும் கீறாரா?"

ஓடிபியை யாரிடமும் கொடுக்காதே என்று செல்போன் ஓயாமல் சொல்கிறது. மூளையை யாரிடமும் கொடுக்காதே என்று எந்தச் செல்போனுக்கும் மெசேஜ் வராது. அதை நாமேதான் நமக்கு அனுப்பிக்கொள்ள வேண்டும்.